சலத்தில் இரத்தம் போனால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். ஆறு மாதமாக இடைக்கிடை சலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. “சூடு எண்டு நினைச்சு நெருஞ்சி அவிச்சுக் குடிச்சனான், டொக்டர். நோ ஒண்டும் இல்லைத்தானே” என்றார். நோ இல்லாததுதான் பலரை ஏமாற்றுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இரத்தம் பெரும்பாலும் நோவில்லாமலே போகும். சில நாளில் தானாக நின்றும் விடும். அவர் முப்பது வருடமாகச் சுருட்டுப் புகைப்பவர். இந்த நோய்க்கு முதற் காரணம் புகைத்தல்தான். கமரா விட்டுப் பார்த்தபோது கட்டி சிறுநீர்ப்பைச் சுவரைத் தாண்டியிருந்தது.

அவருடைய கிரியற்றினினும் கூடியிருந்தது. இது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ஒரு கழிவு; இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வவுனியாப் பக்கத்தில், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளிடம் இருக்கிறது. அதனால் “இதுவும் அந்தக் கிட்னி வருத்தம்தான்” என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயைக் கட்டி அடைத்தாலும் கிரியற்றினின் கூடும். ஸ்கான் செய்து, அடைப்பு இருந்தால் குழாய் வைத்து வடியவிட்டால் சிறுநீரகம் ஓரளவு மீளலாம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்பதைச் சிறுநீரகம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நீண்டகாலமாக முதல் மருந்தாக இருந்தது சிஸ்பிளாட்டின்தான். 2000இல் 405 பேரிடம் செய்த ஆய்வில், அதை ஜெம்சைட்டபினோடு சேர்த்தால் பழைய நான்கு மருந்துக் கூட்டைப் போலவே பலன் தருகிறது, உடம்பை வருத்துவது குறைவு என்று தெரிந்தது. ஆனால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் குறைந்தவருக்குச் சிஸ்பிளாட்டின் கொடுக்கத் தயங்குவோம். அவருக்குப் பலம் சற்றுக் குறைந்த கார்போபிளாட்டின்தான்.

2023 ஒக்டோபரில் மட்ரிட்டில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு முடிவு இதை மாற்றியது. 886 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருந்து. மற்றவர்களுக்கு, புற்றுக் கலத்தைத் தேடிப்போய் நஞ்சை இறக்கும் என்ஃபோர்டுமாப் வெடோட்டினும், நோயெதிர்ப்பின் கட்டை அவிழ்க்கும் பெம்புரோலிசுமாபும். வழக்கமான மருந்தில் பாதிப்பேர் 16.1 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள். புதிய கூட்டில் அது 31.5 மாதம். வடிகட்டல் 30 வரை குறைந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் என் மனதில் பதிந்தது. எங்கள் ஆட்களைப் போன்றவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

சரி, இந்தக் கூட்டு லேசானதா? இல்லை. விலை மிக அதிகம். தோலில் தடிப்பு வரும், சீனி ஏறும், கால் விரல்கள் மரத்துப்போகும். மரத்த காலோடு வயற்சேற்றில் இறங்குபவருக்குக் கல்லோ முள்ளோ குத்தினாலும் தெரியாது. நீரிழிவும் இருந்தால் இன்னும் ஆபத்து.

இப்படி மருந்து ஆய்வுகள் நடப்பதைச் சொன்னபோது, “எங்களை வைச்சுச் சோதிக்கினமோ?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இப்படியான ஆய்வில் ஒரு பகுதியினருக்கு அப்போது வழக்கத்திலிருந்த மருந்துதான் போகும். எழுதிச் சம்மதம் வாங்குவார்கள். விரும்பாவிட்டால் எந்த நாளிலும் விலகலாம், வழமையான வைத்தியம் நிற்காது.

ஒருமுறை இரத்தம் போய் நின்றுவிட்டாலும் கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது பழைய கிளினிக் கொப்பியையும், முன்பு எடுத்த கிரியற்றினின் துண்டுகளையும் கொண்டு வாருங்கள். ஒன்றையும் எறிய வேண்டாம்.