சியோலைட்: பெயரில் கொதிப்பு, தொழிலில் மாற்று

இறால் பண்ணைகளில் குளத்து நீரில் சேரும் அம்மோனியாவைக் குறைக்க ஒரு பொடியைத் தூவுவார்கள். அதற்கு ஜியோலைட் என்று பெயர். வேதியியல் எழுத்தில் சியோலைட், ஸியோலைட் என்றும் வரும், எல்லாம் ஒன்றுதான். ஆனால் ‘ஜி’ போட்டு எழுதினால் ஜியாலஜியில் வருகிற, பூமியைக் குறிக்கும் ‘ஜியோ’ என்று தோன்றிவிடும். இந்தச் சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை. அதனால் ‘சி’தான் நல்லது.

1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் (நிக்கலைக் கண்டுபிடித்தவரும் இவரே) ஒரு கனிமத்தை ஊதுகுழல் தீயில் காட்டினார். கல் நுரைத்து ஆவி விட்டது. கிரேக்கத்தில் ‘ஸெயோ’ என்றால் கொதித்தல், ‘லித்தோஸ்’ என்றால் கல். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்.

கொதித்தது கல் அல்ல, அதன் துளைகளுக்குள் இருந்த நீர். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் கோத்த படிகச் சட்டகம் இது. துளைகள் படிகத்தின் அமைப்பிலேயே இருப்பதால் எல்லாம் ஒரே ஒழுங்கு. சியோலைட் A என்ற செயற்கை வகையின் சோடியம் வடிவத்தில் துளை வாயின் அகலம் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர், ஒரு மில்லிமீட்டரை 25 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு.

சரி, நீரில் கரைந்திருக்கும் உலோக அயனி (மின்சுமை கொண்ட அணு) இதில் எப்படிப் பிடிபடுகிறது? +4 மின்சுமை கொண்ட சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் +3 கொண்ட அலுமினியம் உட்கார்ந்தால், சட்டகத்தில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுகட்டத் துளைக்குள் சோடியம் போன்ற அயனிகள் தளர்வாகத் தங்கியிருக்கும். கடினநீரில் உள்ள கால்சியம் உள்ளே வந்தால், ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம் வீதம் வெளியேறும். வாடகை வீடு மாதிரிதான், இருப்பவர் காலி செய்தால்தான் அடுத்தவர் குடிவர முடியும். அப்புறம் செறிந்த உப்புக் கரைசலை ஊற்றினால் கால்சியம் கிளம்பிவிடும், சோடியம் திரும்பிவிடும். ஆகவே இதை ‘உறிஞ்சுதல்’ என்று எழுதுவது பிழை. அயனிப் பரிமாற்றம் என்பதே சரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நீர் மென்மையாக்க வந்த செயற்கைச் சரக்குக்கு ‘பெர்மூட்டிட்’ என்று பெயரிட்டார்கள். இலத்தீனில் ‘பெர்முட்டாரே’ என்றால் மாற்றிக்கொள்ளுதல். வியாபாரப் பெயராக இருந்தாலும், செய்யும் வேலையைச் சரியாகச் சொன்ன பெயர்.

எல்லா அயனிக்கும் ஒரே வரவேற்பு கிடைக்காது. சீசியம் என்ற உலோகத்தின் அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடிப்பதில்லை, அவற்றை எளிதில் உதறிவிட்டுத் துளைக்குள் பொருந்திக்கொள்ளும். கிளினோப்டிலோலைட், சாபசைட் ஆகிய சியோலைட்டுகளுக்குச் சோடியத்தைவிட அதன் மேல்தான் விருப்பம். 2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீரைப் பாய்ச்சியதால் கதிரியக்க நீரில் உப்பும் கலந்திருந்தது. அத்தனை சோடியத்துக்கு நடுவிலும் கதிரியக்கச் சீசியத்தைப் பிரிக்க சியோலைட் நிரப்பிய கலன்கள்தான் முதலில் கைகொடுத்தன. அம்மோனியத்துக்கு (அம்மோனியா நீரில் எடுக்கும் அயனி வடிவம்) அந்த அளவு சலுகை கிடையாது. உப்புநீர்க் குளத்தில் சோடியம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இறால் பண்ணையில் தூவும் பொடி நன்னீரில் செய்கிற அளவுக்கு வேலை செய்யாது.

தமிழில் எப்படிச் சொல்வது? நேர் பொருள் ‘கொதிகல்’. அழகாக இருக்கிறது, ஆனால் ‘கொதிகலன்’ அச்சில் எழுத்து விட்டுப்போனது போலத் தெரியும். ‘நுண்துளைக்கல்’ என்றால் எரிமலை நுரைக்கல்லும் அதில் அடங்கிவிடும். அதன் துளைகளுக்கோ ஒழுங்கே இல்லை. ‘மூலக்கூற்றுச் சல்லடை’ நல்ல தொடர்தான், ஆனால் மூலக்கூறுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் இடத்துக்கே பொருந்தும். நீரில் உலோக அயனியைப் பிடிக்கும்போது நடப்பது சலிப்பு அல்லவே. என் கணக்கில் பொருளின் பெயர் சியோலைட் என்றே இருக்கட்டும், முதல் முறை வரும்போது ‘அயனிமாற்றுப் படிகம்’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

2025 வேதியியல் நோபல் பரிசு பெற்ற உலோக-கரிமச் சட்டகங்களையும் சியோலைட் என்ற பெயரிலேயே அடக்கத் தோன்றலாம். அவையும் நுண்துளைப் படிகங்கள்தான், நீரிலிருந்து உலோகத்தைப் பிடிக்கவும் அவற்றை ஆராய்கிறார்கள். ஆனால் அவற்றில் உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கின்றன. அவற்றுக்கு வேறு பெயர்தான் வேண்டும்.