பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி போன வருடம் புத்தம் புதிய டி.ஜே. கொன்ட்ரோலர் ஒன்றைத் துணியில் சுற்றி என் வேலை மேசைக்கு எடுத்து வந்தார். மடிக்கணினியில் ஓடும் பாட்டுகளைக் கையால் கலக்கும் பெட்டி அது. நான்கு பாட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம், பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் ஒளிரும். இரண்டு வருடச் சேமிப்பில் வாங்கியது. முதல் நிகழ்ச்சி நிலாவெளிக் கடற்கரையில் ஒரு திருமண வரவேற்பு. பாட்டுத் தொடங்கும் முன்பே ஸ்பீக்கர்களில் ஓர் இரைச்சல் எழும்பியிருக்கிறது. விருந்து முடியும்வரை அது ஓயவில்லை. பெண்ணின் தகப்பனார் மூன்று முறை மேசைக்கு வந்து, "தம்பி, இந்தச் சத்தத்தை நிறுத்த முடியாதா?" என்று கேட்டாராம்.

"அண்ணா, சாமான் பழுதா?" என்று கேட்டபோது அவருடைய முகம் எப்படியிருந்தது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பழுது ஒன்றும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். சத்தம் வெளியே போவதற்கு அதில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் ஓர் ஆர்.சி.ஏ. துளைச் சோடி மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து, சத்தங்களை ஒன்றுசேர்த்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மண்டப மிக்ஸர் வரை இருபது மீற்றர் வயர் இழுத்திருக்கிறார்.

திருகோணமலையில் நான் பல வருடங்களாக ஒலி அமைப்பும் திருத்த வேலையும் செய்கிறேன். என்னிடம் வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் கொன்ட்ரோலரின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அவர்கள் பார்த்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கொன்ட்ரோலருக்கு என்று சொந்தக் குரல் கிடையாது. பாட்டு மடிக்கணினிக்குள் ஓடுகிறது. நாம் ஒரு ஃபேடரை, அதாவது நேர்கோட்டில் நகரும் பிடியை, தள்ளினால் "இந்த ஃபேடர் இப்போது 64இல் நிற்கிறது" என்று ஓர் எண் மட்டும் கணினிக்குப் போகும். அந்த எண்களின் மொழிதான் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்து அதை முதன்முதலில் காட்டினார்கள். நாற்பது வருடங்களுக்குப் பிறகும் அதே மொழிதான் பெரும்பாலான கொன்ட்ரோலர்களுக்குள் பேசப்படுகிறது. அதன் அடிப்படை எண்கள் 0 முதல் 127 வரை மட்டும் என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

டி.ஜே. கொன்ட்ரோலர்கள் பலவற்றில், கணினியில் ஓடும் பாட்டைச் சத்தமாக வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டும் உள்ளே இருக்கிறது. கூட்டம் கேட்கும் சத்தம் ஒரு வழியில் போகும். அடுத்த பாட்டை நாம் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்கும் சத்தம் இன்னொரு வழியில் வரும். சவுண்ட் கார்டு இல்லாத கொன்ட்ரோலரை வாங்கிவிட்டு, ஹெட்ஃபோனை எங்கே செருகுவது என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. கடையில் நிற்கும்போதே ஹெட்ஃபோன் துளையைத் தேடிப் பாருங்கள்.

இனி அந்த இரைச்சலுக்கு வருகிறேன். ஆர்.சி.ஏ. வயர் வீட்டுப் பாவனைக்கானது. அதில் போகும் சமிக்ஞை வலிமை குறைந்தது, வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை நீக்கும் வசதியும் அதற்கு இல்லை. ஐந்தாறு மீற்றருக்கு மேல் அதை நம்ப முடியாது. மூன்று ஊசி கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வயர் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரே சமிக்ஞையை இரண்டு கம்பிகளில், ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்புகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி சேர்வதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது அழிந்துவிடும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் டி.ஜே. மேசை மணலிலும் மிக்ஸர் உள்ளே கூரைக்குக் கீழும் இருக்கும். அந்த இடைவெளிக்கு எக்ஸ்.எல்.ஆர். வேண்டும். பயோனியர் டி.டி.ஜே. 1000 போன்ற பெரிய மாடல்களில் அது இருக்கிறது. எஃப்.எல்.எக்ஸ். 4 போன்ற தொடக்கநிலை மாடல்களில் ஆர்.சி.ஏ. மட்டும்தான். அதனால் அவை கூடாதவை என்று சொல்லமாட்டேன். பழகுவதற்கு மிக நல்லவை. கடற்கரைக்குக் கொண்டு போவதென்றால் கூடவே ஒரு டி.ஐ. பொக்ஸும் கொண்டு போங்கள். ஆர்.சி.ஏ. சமிக்ஞையை எக்ஸ்.எல்.ஆர். வயருக்கு ஏற்றபடி மாற்றும் சிறிய பெட்டி அது. உள்ளே டிரான்ஸ்போமர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தம்பிக்கு நான் செய்து கொடுத்ததும் அவ்வளவுதான். கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் டி.ஐ. பொக்ஸை வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். வயர் இழுத்தோம். அடுத்த நிகழ்ச்சியில் இரைச்சல் இல்லை.

இந்த இடத்தில் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். இரைச்சலை நிறுத்த சிலர் மடிக்கணினி சார்ஜரின் எர்த் ஊசியை வெட்டிவிடுகிறார்கள், அல்லது எர்த் இல்லாத பிளக் வழியாகக் கொடுக்கிறார்கள். இரைச்சல் சில வேளை நின்றும்விடும். ஆனால் நம் நாட்டில் ஓடுவது 230 வோல்ட். ஈர மணலில் வெறுங்காலுடன், கையில் இரும்பு மைக்குடன் நிற்பவருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது அந்த ஒற்றை எர்த் கம்பிதான். ஜெனரேட்டர் வைத்தால் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எர்த்தை வெட்டிய செட்டில் நான் வேலை செய்வதில்லை. அதனால் போன நிகழ்ச்சிகள் உண்டு, அதற்காக நான் வருந்தியதில்லை.

பின்பக்கத்தில் இன்னொன்றையும் தேடுங்கள்: பூத் அவுட். நமக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய ஸ்பீக்கருக்கு அதிலிருந்துதான் சத்தம் எடுப்போம். சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் பயணம் செய்கிறது. பெரிய ஸ்பீக்கர் இருபது மீற்றர் தள்ளி நின்றால், அதன் தாளம் நம் காதுக்கு நூறில் ஆறு விநாடி பிந்தி வரும். ஹெட்ஃபோனில் வரும் அடுத்த பாட்டின் தாளத்துக்கோ அந்தப் பிந்தல் இல்லை. இரண்டையும் பொருத்த முயல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தாளம் பிசகும். தன் காதில்தான் குறை என்று நினைத்து மனமுடைந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பூத் அவுட் இல்லாவிட்டால் மிக்ஸரிலிருந்து ஒரு தனி வழி எடுத்து, ஒரு சிறிய ஸ்பீக்கரைக் காதருகே வையுங்கள்.

இப்போது முன்பக்கத்துக்கு வரலாம். பாட்டின் வேகத்தை மாற்றும் நீண்ட ஃபேடரைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 0 முதல் 127 வரையான எண்களை மட்டும் அனுப்பும் ஃபேடரில், வேகத்தை எட்டு வீதம் கூட்டவும் எட்டு வீதம் குறைக்கவும் வைத்தால், ஒவ்வொரு படியும் சுமார் 0.126 வீதம். கேட்கச் சிறிதாக இருக்கும். தேவையான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், மூன்று நிமிடத்தில் இரண்டு பாட்டுகளும் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் விலகிவிடும். அது குதிரை ஓடுவது போல் இரட்டைத் தட்டாகக் கேட்கும். இரண்டு எண்களைச் சேர்த்து 16,384 படிகளில் அனுப்பும் கொன்ட்ரோலர்களில் இந்தச் சிக்கல் எழாது.

"சிங்க் பொத்தான் இருக்கிறதே, அண்ணா" என்பார்கள். இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் தானாகவே பொருத்தும் பொத்தானைச் சொல்கிறார்கள். அது கணினியில் நிரல் செய்த தாளத்துக்குச் சரியாக வரும். நம் மண்டபங்களில் பெரியவர்கள் கேட்பதோ எழுபது, எண்பதுகளின் பாட்டுகள். தபேலாவும் டிரம்ஸும் மனிதர் கையால் வாசித்தவை. சரணத்தில் ஓர் இழை வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது தணியும். அந்த உயிருள்ள அசைவைத் தொடக்கத்தில் ஒரு முறை அளந்த வேகத்தால் பிடிக்க முடியாது. பைலாவின் ஆறு தட்டுத் தாளத்தை மென்பொருள் பிழையாக எண்ணுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பாட்டுகளைக் கலக்க கை வேண்டும், கைக்கு நீண்ட ஃபேடரும் பாட்டை முன்னும் பின்னும் தள்ள உதவும், பதறாமல் சுழலும் ஜொக் வீல் என்ற வட்டத் தட்டும் வேண்டும். ஒளிரும் பொத்தான்கள் குறைந்த, வீல் பெரிய மாடலையே நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து உப்பு. கச்சான் காற்று மாதங்களில் தூசி, வாடை மாதங்களில் ஈரம், வருடம் முழுவதும் உப்பு. நம் ஊரில் எந்தக் கருவியும் இந்த மூன்றுக்கும் தப்புவதில்லை. சாதாரண ஃபேடருக்குள் ஒரு கரிப் பட்டையின் மீது சிறிய உலோக விரல் ஒன்று உரசிக்கொண்டு நகர்கிறது. பட்டையில் உப்பும் தூசியும் படிந்தால், கை வைக்காமலே எண்கள் துள்ளும். ஒரு திருமணத்தில் மணப்பெண் உள்ளே வரும்போது நாதஸ்வரம் ஒலிக்க, மூடியிருந்த பக்கத்திலிருந்து ஒரு பைலாப் பாட்டு விட்டுவிட்டுக் கசிந்தது. ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் குரொஸ்ஃபேடர் ஓரத்தில் நின்றும் எண் பூச்சியத்துக்கு இறங்கவில்லை. அந்தக் குடும்பம் அந்த நிமிடத்தைத் திரும்பப் பெறவே முடியாது. காந்தத்தால் இடத்தை உணரும் ஃபேடர்களில் உரசும் பகுதி இல்லாததால் அவை இங்கே நீண்ட நாள் தாங்குகின்றன. விலை கூடத்தான். அது இல்லாதவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். ஃபேடருக்குள் கண்ட எண்ணெயையும் விடாதீர்கள். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனர் இருக்கிறது.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொன்ட்ரோலரின் விலையோடு மென்பொருளின் விலையையும் கேளுங்கள். செராட்டோ என்ற டி.ஜே. மென்பொருளின் இலவச லைட் பதிப்போடு வேலை செய்யும் மாடல்கள் பல. அவற்றில் சிலவற்றுக்கு முழுப் பதிப்பைத் தனியாக வாங்க வேண்டும். கையில் காசில்லை என்றால் மிக்ஸ் (Mixxx) என்ற திறந்த மூல மென்பொருள் முற்றிலும் இலவசம், ஏராளமான கொன்ட்ரோலர்களை அது அறியும். களவுப் பதிப்பு வேண்டாம். நிகழ்ச்சி நடுவில் அது நின்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் கணினியை அப்டேட் செய்யாதீர்கள். விண்டோஸில் யூ.எஸ்.பி.யைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்துங்கள். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி அம்பியர்தான் தரும். கொன்ட்ரோலரையும் வன்தட்டையும் ஒரே மலிவான ஹப்பில் கொளுவினால் இரண்டும் பட்டினி கிடக்கும்.

டி.ஜே.யாக இல்லாமல் இசைக்குழுவில் வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழா மேடைகளில் பின்னணித் துண்டுகளை இயக்க ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளும், அதற்காக நோவேஷன் லோஞ்ச்பேட், ஆக்காய் ஏ.பி.சி. 40 போன்ற கொன்ட்ரோலர்களும் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கருவிகள்தான். அவற்றுக்குள் சவுண்ட் கார்டு இல்லை, அதைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் குழுவின் ஒக்டபேடை, அதாவது குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுப் பேடை, திருப்பிப் பாருங்கள். ரோலண்ட் 1985இல் வெளியிட்ட முதல் ஒக்டபேடுக்குள் ஒலியே இல்லை, அது வெறும் மிடி கொன்ட்ரோலராகவே பிறந்தது. இன்று எஸ்.பி.டி. 30 என்ற ஒக்டபேடை வைத்திருப்பவரிடம் யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு பேசும் எட்டுப் பேடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வயரோடு முடியக்கூடிய வேலைக்கு அரை இலட்சம் செலவழிக்க இருந்த ஒரு குழுவை இப்படித்தான் நிறுத்தினேன்.

பழைய சாமான் வாங்குபவர்கள் மடிக்கணினியைக் கட்டாயம் கையோடு கொண்டு போங்கள். மிடி ஒக்ஸ் போன்ற, எண்களைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாகத் தள்ளுங்கள். எண்கள் வரிசை தப்பாமல் ஏற வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். யாரும் தொடாதபோது திரையில் ஓர் எண்ணாவது துள்ளினால் உப்பு உள்ளே போயிருக்கிறது. யூ.எஸ்.பி. பிளக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டுப்போகக் கூடாது. மைக்கைக் கொளுவி, பாட்டு ஓடும்போது மென்பொருளை மூடுங்கள். சில மாடல்களில் மைக் தொடர்ந்து பேசும், சிலவற்றில் கணினியோடு அதுவும் ஊமையாகும். மண்டபத்தில் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்தால் என்ன நடக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

கிண்ணியாத் தம்பி இப்போது இரண்டாவதாக ஒன்று வாங்கியிருக்கிறார். பழையது, இரண்டு பாட்டு ஓட்டுவது, பார்க்கக் கறுப்புப் பலகை போல் இருக்கிறது. வாங்கும் முன் எனக்குப் படம் ஒன்று அனுப்பினார். பின்பக்கத்தை மட்டும் எடுத்த படம்.