கிரியேட்டினின் நார்மல்தானே டாக்டர்?

வாய்ப்புற்றுக்கு கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். இரண்டாவது ஊசி போட்டு ஆறு நாள். வாயெல்லாம் புண், வாந்தி, தண்ணீர்கூட இறங்கவில்லை. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சாமி" என்றார். கூட வந்த மகள் அவருடைய சுருக்குப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்தாள். சில்லறை, பஸ் டிக்கெட், பாதி காலியான டைக்ளோஃபெனாக் அட்டை. "அது வலிக்கு மெடிக்கல்ல குடுத்தது" என்றார் அம்மா.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.1. நார்மல் எல்லைக்குள்தான் இருந்தது. மகளுக்கு நிம்மதி, எனக்கு இல்லை. ஊசிக்கு முந்தைய நாள் ரிப்போர்ட்டில் அது 0.6. ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறினால் அது திடீர் சிறுநீரகக் காயம். 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலும் அப்படித்தான். உலகெங்கும் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை இது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. புற்றுநோயில் உடம்பு இளைத்தவர்களுக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் லேப் அச்சடித்துத் தரும் எல்லையை விட, அவரவருடைய பழைய எண்தான் எனக்கு முக்கியம்.

சிஸ்பிளாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக்களுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அவை பெருகுவது நின்றுபோனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதிலிருந்து வந்த மருந்து 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் மருந்தை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொண்டு, அதாலேயே காயப்படுகின்றன. மெக்னீசியமும் சிறுநீரில் கொட்டிப்போகும். ஊசிக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவது இதற்காகத்தான். "குளுக்கோஸ் போதும், வீட்டுக்குப் போறோம்" என்று தயவுசெய்து பாதியில் கிளம்பாதீர்கள்.

இன்னொரு சிக்கல், கிரியேட்டினின் தாமதமாகத்தான் ஏறும். செல்கள் அடிபட்டு ஓரிரு நாள் கழித்துத்தான் ரத்தத்தில் தெரியும். அதைவிட முந்திச் சொல்லும் அடையாளத்தைத் தேடியவர்களில் ஹார்வர்டின் ஜோசப் பான்வென்டர் முக்கியமானவர். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை வருட வரிசையில் படித்தது என் பார்வையையே மாற்றியது. 1998இல் அவர் குழு கிம்-1 என்ற புரதத்தை விவரித்தது. நல்ல சிறுநீரகத்தில் அதைக் காண்பதே அரிது. நுண்குழாய் காயப்பட்டால் ஏராளமாக உருவாகி, சிறுநீரிலும் வந்துவிடும். 2005இல் அதே குழு, சிறுநீரகப் புற்றுக்கட்டிகளிலும் அதே புரதத்தைக் காட்டியது. 2018இல் ஐரோப்பாவில் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, சிறுநீரகப் புற்று கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலருக்கு அது உயர்ந்திருந்தது. காயத்தைத் தேடித் தொடங்கிய பட்டியல் புற்றுநோய் வரை வந்துவிட்டது! புற்றுநோய்ப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் ஒரே நோயாளியைத் தனித்தனியாகப் பார்ப்பது எவ்வளவு தவறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

சரி, நம் ஊர் லேபுகளில் கிம்-1 வழக்கமாகப் பார்ப்பதில்லை. கையில் இருப்பது பழைய ரிப்போர்ட். முதல் ஊசிக்கு முன் எடுத்ததைப் பத்திரமாக வைத்திருங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரைகள் எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், சிறுநீரகத்துக்குப் பாதகமில்லாத மருந்து இருக்கிறது. சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் வாருங்கள். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். இதய நோய் இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு சலைனும் மெக்னீசியமும் ஏற்றினோம். பத்து நாளில் கிரியேட்டினின் 0.8க்கு இறங்கியது. மூன்றாவது ஊசியில் என்ன மாற்றம் செய்வது என்று புற்றுநோய் மருத்துவரும் நானும் போனில் பேசி முடிவெடுத்தோம். அடுத்த முறை வந்தபோது மகள் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் அம்மா குடித்த டம்ளர் கணக்கு, எதிர்ப்பக்கம் எத்தனை தடவை சிறுநீர் போனார் என்ற கணக்கு. முதல் தாளில் பழைய 0.6 ரிப்போர்ட்டை ஒட்டி வைத்திருந்தாள்.