சேஃப் மோடில் வைரஸ் ஸ்கேன்: உள்ளே போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

"சேஃப் மோடில் போட்டு ஸ்கேன் பண்ணிட்டேன் சார், அப்பவும் போகல" என்று லேப்டாப்பை நீட்டுபவர்களைச் சர்வீஸ் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். சேஃப் மோட் என்பது மிக அவசியமான பகுதிகளை மட்டும் ஏற்றி விண்டோஸைத் தொடங்கும் முறை. அது தானாக எந்த வைரஸையும் அழிக்காது. அழிக்க வரும் ஸ்கேனருக்குத் தடையில்லாமல் வழிவிடும், அவ்வளவுதான். அந்த வழியும் சில நேரம் அடைபட்டிருக்கும். இது புரியாமல் மணிக்கணக்கில் ஸ்கேன் ஓட்டிவிட்டு, கடைசியில் ஃபார்மட் அடித்து, குழந்தைகளின் போட்டோவையும் கடைக் கணக்கையும் இழந்தவர்கள் உண்டு.

விண்டோஸ் தொடங்கும்போது, அதன் அமைப்புகளெல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற இடத்தில் பதிவாகியிருக்கும் புரோகிராம்கள் நாம் கேட்காமலே ஓடத் தொடங்கும். நிறைய வைரஸ்கள் அங்கேதான் தங்களைப் பதிந்து வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது. சில வைரஸ்கள் ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை மறுபடி கிளப்பிவிடும். சில, ஆன்டிவைரஸைத் திறந்த உடனே மூடிவிடும். சேஃப் மோடில் அந்த 'ரன்' பட்டியலை விண்டோஸ் பொதுவாகத் தொடுவதில்லை. அதனால் வைரஸின் ஃபைல் வட்டில் இருந்தாலும் ஓடாமல் கிடக்கும், அழிக்கவும் முடியும். சேஃப் மோடின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பலவீனமும் அதே ரெஜிஸ்ட்ரியில்தான். சேஃப் மோடில் எந்த டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), எந்த சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஏற வேண்டும் என்பதை 'சேஃப்பூட்' என்ற பட்டியல் முடிவு செய்கிறது. 2003 முதல் சுற்றிவரும் சாலிட்டி வைரஸ் அந்தப் பட்டியலையே அழித்துவிடும். பிறகு சேஃப் மோடுக்குப் போனால் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரைதான் வரும். சாலிட்டியிடம் இன்னொரு தொல்லை: அது மற்ற புரோகிராம்களின் ஃபைலுக்குள் புகுந்துகொள்ளும். நம் ஊரில் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்துவிட்டு, டி டிரைவில் சேர்த்து வைத்திருக்கும் சாஃப்ட்வேர் ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்வது வழக்கம். அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைல் கெட்டிருந்தாலும் மறுநாளே வைரஸ் திரும்பிவிடும். ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை கம்ப்யூட்டர்களில் "எத்தனை ஃபார்மட் போட்டும் போகல" என்ற புகாருக்குப் பின்னால் பல முறை இதுதான் இருக்கும்.

2019-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்னாட்ச் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) இன்னும் துணிந்தது. அது தன்னை 'சூப்பர்பேக்கப்மேன்' என்ற பெயரில் சர்வீஸாகப் பதிந்து, 'சேஃப்பூட்' பட்டியலிலும் இடம் பிடித்து, கம்ப்யூட்டரைத் தானே சேஃப் மோடுக்கு ரீஸ்டார்ட் செய்தது. பல ஆன்டிவைரஸ்கள் அங்கே ஓடாது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும். காவல் இல்லாத நேரத்தில் ஃபைல்களைப் பூட்டிவிட்டது. நாம் எதுவும் செய்யாமல் கம்ப்யூட்டர் தானாகச் சேஃப் மோடில் போய் நின்றால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைத்துவிடுங்கள்.

ஆகவே இப்போதெல்லாம் நான் சேஃப் மோடை முதல் படியாக வைப்பதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கூடவே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, சுமார் 15 நிமிடம் ஸ்கேன் ஓடும். டிரைவர் மட்டத்தில் ஒளிந்துகொண்டு ஸ்கேனர் கண்ணில் படாமல் இருக்கும் ரூட்கிட் வகை வைரஸுக்கு இதுவே மேல். ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் ஆன்டிவைரஸ் திறக்காமல் அடம்பிடித்தால், அல்லது அழிக்க முடியாத ஃபைல் ஒன்று நின்றால், அப்போது சேஃப் மோட்.

போவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: வட்டில் உள்ளதை எல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புதிய லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு போட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே நுழைய முடியாது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியபோது, சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்றார்கள். அந்த கீ கையில் இல்லாமல் பல நிறுவனங்கள் திண்டாடின. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலிலேயே எடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். கணக்கின் பாஸ்வேர்டும் தெரிந்திருக்கட்டும். சேஃப் மோடில் பின் நம்பர் சில நேரம் வேலை செய்யாது. இதனால்தான் விண்டோஸ் தொடங்கும் முறையை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் கருவி வழியாக 'சேஃப் பூட்' டிக் செய்யாதீர்கள் என்கிறேன். டிக் எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே எழும்பும். உள்ளே நுழையவும் முடியாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

எஃப்8 அழுத்தும் பழைய வழி, 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து இயல்பாக வேலை செய்வதில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களோடு பட்டியல் வரும். 4 என்பது சேஃப் மோட், 5 இன்டர்நெட்டுடன் கூடியது. 4 போதும். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டருக்கு நெட் எதற்கு? ஸ்கேனரை வேறு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இலவசம். இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், எனவே பழைய பென் டிரைவில் கிடப்பதை நம்ப வேண்டாம். குவிக் ஸ்கேன் வேண்டாம், டி டிரைவையும் சேர்த்து ஃபுல் ஸ்கேன். அந்தப் பென் டிரைவை வேறு எதிலும் செருகாமல் தனியாக வையுங்கள். முடிந்ததும் சாதாரண மோடில் இன்னொரு முறை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும், சில ஸ்கேனர்களின் முழுத் திறமையும் அங்கேதான் வெளிப்படும்.

ஃபைல் பெயர்களின் கடைசியில் வரும் வால் (.jpg, .docx போன்றவை) மாறி, பணம் கேட்டுக் குறிப்பு வந்திருந்தால் கதை வேறு. வைரஸை நீக்கினாலும் பூட்டிய ஃபைல் திறக்காது. குறிப்பையும் பூட்டிய ஃபைல்களையும் அழிக்காமல் நகலெடுத்து வைத்து, நோ மோர் ரான்சம் தளத்தில் அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கிராக் சாஃப்ட்வேர் வழியாக வரும் பாஸ்வேர்டு திருடிகள், ஓடிய முதல் சில நிமிடங்களிலேயே பிரவுசரில் சேமித்த எல்லாவற்றையும் அனுப்பிவிடும். ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும், போனது போனதுதான். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றி, எல்லா இடங்களிலும் லாக் அவுட் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.