நடக்காமல் போன சம்பவத்தையும் சொல்லுங்கள்

ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்யும் குற்றங்களில், சம்பவ இடங்களை வரைபடத்தில் வைத்து அவன் எந்தப் பகுதியிலிருந்து கிளம்பி வருகிறான் என்று கணிப்பது என் வேலை. ஜியோகிராஃபிக் ப்ரொஃபைலிங் என்பார்கள். இதைப் பற்றிப் பேசினாலே, "அப்போ கம்ப்யூட்டர் வீட்டையே காட்டிக் கொடுத்துவிடுமா?" என்று கேட்பார்கள். காட்டாது. ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள சந்தேகப் பட்டியலில் யாரை முதலில் போய்ப் பார்ப்பது, எந்தப் பகுதியில் முதலில் ரோந்தைக் கூட்டுவது என்று வரிசை போட்டுத் தரும், அவ்வளவுதான். அந்த வரிசை சரியாக அமைவதில் பொதுமக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் எல்லோருமே பழகிய வழியில்தான் போய்வருவோம்: வீடு, வேலை, நண்பர் வீடு, இவற்றுக்கு நடுவே உள்ள சாலைகள். குற்றம் செய்பவனும் அப்படித்தான், எது முட்டுச்சந்து, எது தப்பிக்கும் வழி என்று தெரிந்த இடத்தில்தான் அவனுக்குத் தைரியம் வரும். ஆனால் சொந்தத் தெருவில் கைவைத்தால் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள். அதனால் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வளையத்தில் சம்பவங்கள் குறைவாக இருக்கும், அதைத் தாண்டியதும் அடர்த்தியாகும், தூரம் கூடக் கூட மறுபடி குறையும். கனடாவின் வான்கூவர் போலீஸில் இருந்த கிம் ராஸ்மோ இதைச் சூத்திரமாக்கி, 1995இல் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, 'அவன் இந்தக் கட்டத்தில் குடியிருந்தால் சம்பவங்கள் இப்படி விழ எவ்வளவு வாய்ப்பு' என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவதுதான் அந்த முறை.

அதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர் இங்கிலாந்தின் தடயவியல் நிபுணர் ஸ்டூவர்ட் கைண்ட். 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃப் வழக்கு அது. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சந்தர்லேண்ட் பக்கத்துப் பேச்சுச் சாயலில், கொலைகாரன் பேசுவதுபோல் யாரோ அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, விசாரணையே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. 1980 கடைசியில் கைண்ட் சம்பவ இடங்களின் மையத்தைக் கணக்கிட்டார், கூடவே நேரத்தையும் பார்த்தார். இரவு வீடு திரும்ப வேண்டியவன் தூரத்தில் போய்த் தாக்கினால் சீக்கிரம் முடித்துக் கிளம்புவான், பக்கத்தில் என்றால் எவ்வளவு நேரமானாலும் கவலையில்லை. கணக்கு பிராட்ஃபோர்ட் நகரத்தைக் காட்டியது. சட்க்ளிஃப் வீடு பிராட்ஃபோர்டில்தான் இருந்தது. ஆனால் அவன் சிக்கியது 1981 ஜனவரி 2 அன்று, ஷெஃபீல்டில், காரில் போலி நம்பர் பிளேட் இருந்ததால். அதற்குள் போலீஸ் அவனை 9 முறை விசாரித்து விட்டிருந்தது! பெயர் கையில் இருந்தது, வரிசைதான் இல்லை.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். கணக்கு நம்பும்படி இருக்க, ஒரே ஆள் செய்தது என்று உறுதியான சம்பவங்கள் குறைந்தது ஐந்து வேண்டும். எங்களிடம் வருவதோ பெரும்பாலும் பெரிய குற்றங்கள் மட்டும். ஆரம்பத்தில் ஒருவன் பயந்து பயந்து செய்யும் முயற்சிகள், அதாவது பின்தொடர்வது, ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, கையைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவது, இவைதான் பல வழக்குகளில் அவன் இருப்பிடத்துக்கு மிக அருகில் நடந்தவை. "ஒன்றும் ஆகவில்லையே, எதற்குப் புகார்" என்று அவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வரைபடத்தில் மிகவும் தேவைப்படும் புள்ளியே காணாமல் போகிறது, அந்த ஆதங்கம் எனக்கு ஒவ்வொரு வழக்கிலும் இருக்கிறது.

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. வேறு ஊரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிறவனிடம் இது எடுபடாது. நடுவில் வீடு மாறியிருந்தாலும் குழப்பும். அமெரிக்காவின் லூசியானாவில் லஃபாயெட் நகரத்துத் தொடர் பாலியல் வன்கொடுமை வழக்கில், துப்பு கிடைத்த ஆளின் அப்போதைய முகவரி ராஸ்மோ குறித்த பகுதியில் இல்லை, குற்றங்கள் நடந்த காலத்தில் அவன் இருந்த பழைய முகவரி இருந்தது. அவன் தூக்கிப்போட்ட சிகரெட் துண்டிலிருந்த டிஎன்ஏ விஷயத்தை முடித்தது. குற்றவாளி ஒரு போலீஸ் அதிகாரி.

டிஎன்ஏ இல்லாமல் அந்த வரைபடத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்திருக்க முடியாது, செய்யவும் கூடாது. அதிக மதிப்பெண் விழுந்து ஒரு பகுதி வரைபடத்தில் சிவப்பாகத் தெரிகிறது என்பதற்காக அங்கே வாடகைக்கு இருக்கும் தனி ஆளை ஊரே சேர்ந்து சந்தேகப்படுவது பெரும் அநியாயம். இப்படி ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். குற்றவாளியும் அதைப் பார்ப்பான், உடனே இடத்தை மாற்றிக்கொள்வான்.

புகார் கொடுக்கும்போது மணியைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், போனில் அழைப்பு நேரம், பில் நேரம் ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். அவனை முதலில் கவனித்த இடமும் சம்பவம் நடந்த இடமும் வேறு வேறு என்றால் இரண்டையும் சொல்லுங்கள், எங்களுக்கு அவை இரண்டு புள்ளிகள். நடந்து வந்தானா, வண்டியிலா? அப்புறம், எந்தப் பக்கம் ஓடினான் என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லி, புகாரில் எழுதச் சொல்லுங்கள்.