மதுரைக் கடைகளில் ‘கிரானைட்’ என்று விற்பது என்ன கல்?

சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போனால் கடைக்காரர் காட்டும் பலகையெல்லாம் ‘கிரானைட்’தான். வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தது, அலையலையாய் வரி ஓடுவது, அட்டைக் கறுப்பு என்று எதுவானாலும் சரி. கெட்டியாக இருந்து பாலிஷ் ஏறினால் வியாபாரத்தில் அதற்கு ஒரே பேர். பாறையாகப் பார்த்தால் இவை வேறு வேறு. வீட்டில் கெடும் விதமும் வேறு.

அசல் கிரானைட் தீப்பாறை. பாறைக்குழம்பு மேலே வராமல் பூமிக்குள்ளேயே மெல்ல ஆறுவதால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. கண்ணாடிச் சில்லு போன்ற சாம்பல் மணி குவார்ட்ஸ். தட்டையாக மின்னும் வெள்ளை அல்லது ரோஜா நிற மணி ஃபெல்ஸ்பார். ஊசியால் நெம்பினால் செதில் செதிலாக வரும் கறுப்பு, பயோடைட் என்னும் அபிரகம் (மைக்கா). மூன்றும் பொரியைக் கொட்டியதுபோல எந்தப் பக்கமும் சாயாமல் கிடக்க வேண்டும்.

வரி ஓடினால் அது பெரும்பாலும் நைஸ், அதாவது உருமாறிய பாறை. ஆழத்தில் சூடும் நெருக்கலும் சேரும்போது அபிரகத் தகடுகள் ஒரே வாக்கில் படுத்துவிடுகின்றன. வெளுத்த மணிகள் தனி வரியாகப் பிரிகின்றன. ஒத்தக்கடையில் நின்று பார்த்தால் தெரியும் யானைமலை இந்த இனம்தான். (அதன் மழமழப்பு வேறு கதை: மேலிருந்த சுமை தேய்ந்து போனதும் பாறை விம்மி, வெங்காயத் தோல்போல் உரிகிறது.)

இன்னும் சூடேறினால், ஏறக்குறைய 800 டிகிரியில், அபிரகம் தாங்காது. குவார்ட்ஸோடு வினைபுரிந்து தன்னுள் இருந்த நீரை விட்டுவிட்டு ஹைபர்ஸ்தீன் என்ற கனிமமாகவும் ஃபெல்ஸ்பாராகவும் மாறும். அப்படிப் பிறப்பதுதான் சார்னோக்கைட். எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை நிறம் அதன் அடையாளம். பழனி மலைத்தொடரில் நிறைய உண்டு. கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பேர் இது. சென்னை பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்.

மேலூர்ப் பக்கம் வெட்டி ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விற்கும் கல்லுக்கும் காஷ்மீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதுவும் உருமாறிய பாறையே. சிவப்புப் பொட்டு கார்னெட் என்னும் கனிமம்; கோமேதகத்துக்குப் பங்காளி, ஆனால் இதில் இரும்பு அதிகம். சிக்கலும் அங்கேதான். பதித்தபின் சிந்திய சிமென்ட்டைக் கழுவ ஆசிட் ஊற்றினால், கார்னெட்டிலும் அபிரகத்திலும் உள்ள இரும்பு கரைந்து, சில வாரங்களில் மஞ்சள் துருக்கறையாக மேலே வரும். தேய்த்தால் போகாது. ஆசிட் கூடவே கூடாது. சிமென்ட் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வாங்கும்போது பலகையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது, எண்ணெயையும் உறிஞ்சும். சீலர் (உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) பூசாமல் அடுப்படியில் வைக்கக் கூடாது.

கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. தீப்பாறைதான், ஆனால் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை. சாம்பல் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மூலையில் அழுத்தித் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வரிக்கல்லில் சிங்க்குக்கு ஓட்டை வெட்டும்போதுதான் அதிகம் உடைகிறது. ஓட்டைக்கு முன்னால் மிஞ்சும் குறுகிய பட்டைக்குக் குறுக்கே அபிரக வரி ஓடினால் அந்த வரியிலேயே விண்டுபோகும். வரி பட்டையின் நீளவாக்கில் ஓடும்படி பலகையைத் திருப்பிவைத்து வெட்டச் சொல்ல வேண்டும். அப்படித் திருப்ப வழியில்லை என்றால், பட்டையின் அடியில் நீளப் பள்ளம் எடுத்து ஸ்டீல் கம்பியை எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டிய பிறகே பலகையைத் தூக்கவேண்டும்.