டார்சாட்: திருகுமுனை வேகத்துடிப்பு

‘தோர்சாத் த புவான்த்’ என்பது இதயக் கீழறை தாறுமாறாக வேகமெடுத்துத் துடிக்கும் ஒரு கோளாறைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர். தோர்சாத் என்றால் திருகிய கயிறு, புவான்த், முனை. நம் மருத்துவமனைகளில் ‘டார்சாட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். 1966இல் இந்தப் பெயரை இட்டவர் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா தெசர்தென். அவர் விவரித்த நோயாளி 80 வயதுப் பெண். இதய மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் இறங்காமல் அவ்வப்போது தடைபட்டது.

ஈ.சி.ஜி.யில் கூர்முனைகள் சில துடிப்புகளுக்கு மேல்நோக்கி நிற்கும். சிறுத்துக்கொண்டே வந்து பிறகு கீழ்நோக்கித் திரும்பும். இதைத் தமிழில் சொல்ல, ‘முறுகல்’ மொறுமொறுப்பையும் குறிப்பதால் ‘திருகல்’தான் தெளிவு. கீழறை நிமிடத்துக்கு 160 முதல் 250 முறை துடிப்பதால் ‘திருகுமுனை வேகத்துடிப்பு’ எனலாம். ஈ.சி.ஜி.யில் அளக்கும் ‘க்யூ.டி.’ என்ற இடைவெளி நீண்டிருந்து அதன்மேல் வருவதற்கு மட்டுமே இந்தப் பெயர் உரியது. முனை திருகுகிற எல்லாவற்றுக்கும் இதைச் சூட்டினால் சிகிச்சை தடம் மாறிவிடும்.

க்யூ.டி. என்பது கீழறை சுருங்கத் தூண்டப்பட்டு, மின்நிலையில் பழையபடி மீளும்வரை ஆகும் நேரம். இதய வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் ஆணுக்கு 450 மில்லிநொடி, பெண்ணுக்கு 460 வரை இயல்பு. 500ஐத் தாண்டினால் ஆபத்து. ஆணின் டெஸ்டோஸ்டிரோன் இந்த மீட்சியை விரைவாக்குகிறது. அதனால் பருவமடைந்தபின் இருபாலருக்கும் இடைவெளி வேறுபடுகிறது. முதுமையில் ஆணுக்கு அந்தச் சுரப்பு குறையக் குறைய வேறுபாடும் சுருங்குகிறது. ஆனாலும் மருந்தால் டார்சாட் வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களே.

80 வயதைக் கடந்த பாட்டிக்கு இது எப்படி வருகிறது? கால்வீக்கத்துக்குத் தரும் நீர்மாத்திரையால் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கியிருக்கும். சிறுநீரகம் மந்தமானதால் சில மருந்துகள் உடம்பிலேயே தங்கும். நாடியும் நிமிடத்துக்கு 50க்குக் கீழே போயிருக்கலாம். இந்த நிலையில் சளிக்கு அசித்ரோமைசினும் வாந்திக்கு ஒன்டான்செட்ரானும் சேர்ந்தால் போதும். தனித்தனியே பார்த்தால் எல்லாமே வழக்கமான மருந்துகள், சேரும்போதுதான் வினை. திடீரென மயங்கிக் கைகால் வெட்டும். அதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடுவது அடிக்கடி நேரும் தவறு.

க்யூ.டி.யை ஈ.சி.ஜி. தாளில் அளப்பது எளிது. வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லிநொடி. நாடி 60 எனில், க்யூ.டி. பன்னிரண்டரைக் கட்டம் நீண்டால் அது 500. இயந்திரம் அச்சிடும் எண்ணை மட்டும் நம்பவேண்டாம். க்யூ.டி. முடியும் இடமான ‘டி’ அலையின் முடிவை அது தவறாகப் பிடிப்பதுண்டு.

டார்சாட் வந்துவிட்டால் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம் சிரைவழி ஊசியாகக் கொடுப்பார்கள். இரத்தத்தில் மெக்னீசிய அளவு சரியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். காரணமான மருந்தை நிறுத்தி, இரத்தத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்கு மேல் ஏற்றுவார்கள். மெதுவான நாடியால் திரும்பத் திரும்ப வந்தால் தற்காலிக பேஸ்மேக்கர். நாடியே இல்லையென்றால் உடனே மின்அதிர்ச்சி. மற்ற வேகத்துடிப்புகளுக்குக் கைகொடுக்கும் அமியோடரோன் என்ற மருந்து இங்கே கூடாது. அது க்யூ.டி.யை இன்னும் நீட்டும்.